நஸ்ரின் மொபைல்ஸ் பாடிய பாட்டு

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது. ஹீட்டருக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்து, கம்பளி போர்த்தி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். என் மகள் நஸ்ரின் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அத்தா, நான் ஒரு ஆர்ட்டிஸ்ட்" என்றாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. ஆறு வயதில் தண்டையார்பேட்டையிலிருந்து அவளை இங்கே, ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பிரெமர்ஹாஃபனுக்குக் கூட்டிவந்தோம். என் மனைவி ரஹிமாவுக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வந்த புதிதில் கொஞ்சம் இருந்தது.

மாதாமாதம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. கட்ட வைத்தது நஸ்ரின்தான். அதில் தன் பெயரையே போட்டுத் தேடியிருக்கிறாள். இந்த வயதுப் பிள்ளைகள் செய்கிற வேலை. பாடியவரின் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம். அதன் கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'நஸ்ரின் மொபைல்ஸ் டோல்கேட்'. பதினொரு பாட்டு.

அவள் முதல் பாட்டைத் தட்டினாள். டோலக் ஒரு சுற்று ஓடியது. அப்புறம் குரல் வந்தது.

*லாரித் தண்ணி வந்துதுன்னு செருப்பில்லாம ஓடினேன்,*
*கொடம் பாதி ரொம்பச்சொல்ல கொழாய் நின்னு வாடினேன்...*

இரண்டே வார்த்தையில் யார் என்று தெரிந்துவிட்டது.

"யார் பாடுறது?"

"தெரிஞ்சவர். மாசிலாமணின்னு பேரு."

"அப்போ ஏன் நஸ்ரின்னு போட்டிருக்கு?"

"அது கடை பேரு. உன் பேர்ல நான் வச்ச கடை."

"கடை எப்படிப் பாடும்?"

நான் மாவைத் திறந்து பார்த்தேன். பொங்கவில்லை.

2

தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம், ஹார்பருக்குள் போகக் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் சாலையில் இருந்தது என் கடை. ரீசார்ஜ், சிம் கார்டு, போனுக்கு உறை, இத்துடன் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது. கடைசியாகச் சொன்னதுதான் சோறு போட்டது. லாரியில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வேறு என்ன போக்கு? வண்டியைப் போட்டுவிட்டு வருவார், கார்டை நீட்டுவார், "சோகப்பாட்டு பாதி, குத்துப்பாட்டு பாதி" என்பார். டீ குடித்துவிட்டு அவர் வருவதற்குள் ஏற்றி முடித்திருப்பேன். எந்தப் பாட்டுக்கும் நான் யாருக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

என் கடையில் பாட்டுச் சரக்கு சேர்ந்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. வாடிக்கையாளர் கார்டைக் கொடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை, அதில் இருக்கும் பாட்டையெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்வது. அதற்குப் பிறகுதான் அவர் கேட்டதைப் போடுவேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்ததுதான். போட்டோவை மட்டும் தொட மாட்டேன். அது அடுத்தவர் குடும்பம். பாட்டைப் பற்றி அப்படி நினைக்கத் தோன்றவில்லை. பாட்டு காற்றில் வருவது, காற்றில் போவது என்று இருந்தேன்.

நாலு கடை தள்ளி இன்னொருவன் கடை போட்டான். என் வாடிக்கையாளர்களிடம் கார்டு வாங்கி என் சரக்கை அவன் இழுத்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் திருடியதை அவன் எப்படித் திருடலாம்? ஒரு மத்தியானம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'பாடியவர்' என்று இருக்கும் கட்டத்தில் கடைப் பெயரை அடித்துவிட்டேன். இனி என் பாட்டு எந்தப் போனில் ஓடினாலும் திரையில் நஸ்ரின் மொபைல்ஸ் டோல்கேட் என்று ஓடும். காசில்லாத விளம்பரம். அன்றைக்கு ரஹிமாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

சினிமாப் பாட்டுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. பாடியது யார் என்று ஊருக்கே தெரியும், என் முத்திரையை யார் மதிக்கப்போகிறார்கள்? மாசிலாமணி அண்ணனின் பாட்டும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தது. அதைத்தான் நான் அன்று யோசிக்கவில்லை.

அவர் வியாசர்பாடிக்காரர். ஹார்பரில் கூலி வேலை. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கானா பாடுவார். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, எந்தக் கம்பெனியும் பதிவு செய்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுசிங் போர்டு மொட்டைமாடியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பாடியதை யாரோ போனில் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பதினொன்றுதான் அவரிடம் இருந்த மொத்தமும். அந்தக் கார்டு ஒருநாள் மக்கர் பண்ணிவிட்டது. முகமெல்லாம் வெளிறி என் கடைக்கு வந்தார்.

"பாய், இத்த எப்டியாவது எட்த்துக் குடு. இல்லாங்காட்டி நான் செத்தேன்."

இரண்டு மணி நேரம் போராடி மீட்டேன். காசு வாங்கவில்லை. அது என் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். மீட்டதில் ஒரு நகல் வழக்கம்போல என் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் அந்தத் தண்ணி லாரிப் பாட்டு எண்ணூரைத் தாண்டி, லாரி போகிற ஊர்களுக்கெல்லாம் போனது. அவரே கடைக்கு வந்து சொன்னார்: "பாய், புழலாண்ட ஒரு வண்டில என் பாட்டு ஓடிக்கினு போவுது! நான் சைக்கிள வுட்டுட்டு அப்டியே நின்னுட்டேன்." அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். இதில் திருட்டு எங்கே வந்தது என்று இன்றைக்கும் ஒரு மனசு கேட்கிறது. இன்னொரு மனசு அதைப் பேசவிடுவதில்லை.

3

மாவு பொங்காத அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்காக ஒரு காலத்தில் ஃபேஸ்புக்கில் திறந்து வைத்திருந்த பக்கத்தைத் தேடிப் போனேன். கடவுச்சொல் மறந்து, அதை மீட்கப் பழைய இந்திய நம்பர் கேட்டு, அந்த நம்பர் இப்போது என்னிடம் இல்லை என்று நிரூபித்து, அரை நாள் போயிற்று. உள்ளே ஒரு செய்தி மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது.

*வணக்கம் சார். நான் கானா மாசிலாமணியோட பொண்ணு கௌதமி. அப்பாவுக்குத் தொண்டைல ஆபரேஷன் ஆயிடுச்சு. பேசலாம், இனிமே பாட முடியாது. பாட்டு இருந்த கார்டும் கெட்டுப்போச்சு. ஆன்லைன்ல இருக்குற பழைய பாட்டையாவது அவர் பேருக்கு மாத்தலாம்னு ஒரு கம்பெனி மூலமா கேட்டேன். இது ஏற்கெனவே நஸ்ரின் மொபைல்ஸ் என்ற கலைஞருடையது, நீங்க மாத்த முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போன வாரம் புளியந்தோப்புல ஒரு கல்யாணத்துல இந்தப் பாட்டு ஓடுச்சு. அப்பா, இது என் பாட்டுன்னு சொன்னாரு. பசங்க போனைக் காட்டி, இது நஸ்ரின் மொபைல்ஸ் பாட்டு தாத்தான்னு சிரிச்சாங்க. அதுலேருந்து அவரு எந்த விசேஷத்துக்கும் வர்றதில்ல. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தயவுசெஞ்சு பதில் போடுங்க. கீழ என் நம்பர் இருக்கு.*

அதை மூன்று தடவை படித்தேன். யாரோ எங்கேயோ, பழைய பாட்டுகளை மூட்டையாக அள்ளி அந்த ஆப்பில் கொட்டியிருக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கெல்லாம் சொந்தக்காரர் இருந்ததால் அவற்றை ஆப் நீக்கியிருக்கும். மற்றதற்கு, கட்டத்தில் நான் என்ன அடித்திருந்தேனோ அதையே கலைஞரின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அண்ணனின் பழைய கார்டு என்றோ செத்துவிட்டது. உலகத்தில் மிச்சம் இருப்பது என் முத்திரை குத்திய நகல்தான். குரல் இருந்தால் மறுபடி பாடிப் பதிவு செய்து கொடுத்துவிடலாம். குரலும் இல்லை.

இதற்குமேல் ஒரு விஷயம். இந்த வருடம் எனக்கும் ரஹிமாவுக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்திருக்கிறது. கிளம்ப ஐந்து வாரம்தான் இருந்தது. எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் தப்பு பண்ணியிருந்தா பொறுத்துக்கோங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். தொழுகையில் விட்ட குறையை இறைவன் மன்னிப்பான். அடுத்த மனிதரிடம் எடுத்துக்கொண்ட ஹக்கை, அதாவது அவருடைய உரிமையை, அவரே மன்னித்தால்தான் உண்டு. அதற்கு மேலே முறையீடு கிடையாது.

இப்போதெல்லாம் இதற்கு வாட்ஸ்அப் வந்துவிட்டது. ரோஜாப்பூ படம் போட்டு, 'என்னைப் பொறுத்துக்கொள்ளவும்' என்று எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிடலாம். நானும் அனுப்பியிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் ஒரு தப்பும் செய்ததில்லை.

ரஹிமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். டியூட்டி முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டே கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க. நீங்க திருட்டுப் பாட்டுக்கு மன்னிப்பு கேக்கணும்கிறீங்க. எதுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், "ஆனா அந்த மனுசனுக்குப் போன் பண்ணுங்க. ரோஜாப்பூ அனுப்பிடாதீங்க" என்றாள்.

4

உடனே போன் பண்ணினேன் என்று எழுத ஆசை. ஆறு நாள் தள்ளிப்போட்டேன்.

இங்கே துறைமுகத்தில் எனக்கு வேலை, புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவது. எண்ணூர் துறைமுகத்திலும் இதே வேலை நடக்கிறது. அங்கே காக்கை கத்தும், இங்கே கடல்புறா. ஒரு நாளில் எத்தனையோ கார் ஓட்டுகிறேன். ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு மீட்டர். சீட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றியிருக்காது. அந்த வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவருக்குப் போன வருடம் வக்கீல் கடிதம் வந்தது. புதுப்படம் ஒன்றை இறக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். அதிலிருந்து அவர் காலர் ட்யூனுக்குக்கூடப் பயப்படுகிறார். அவரிடம் என் கதையைச் சொன்னேன். "அண்ணே, இந்தியாவுல நடந்தது இந்தியாவோட போச்சு. வாயத் திறக்காதீங்க. உங்க குடியுரிமை விண்ணப்பம் வேற உள்ள இருக்கு" என்றார். அதுவரை எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர் புண்ணியத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் இமாமிடம் போனேன். அவர் துருக்கிக்காரர். அவர் ஜெர்மனும் என் ஜெர்மனும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

"அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டேன்" என்றேன்.

"திருப்பிக் கொடு."

"அது ஒரு பாட்டு. திருப்பிக் கொடுத்தாலும் என்னிடம் இருக்கும். எடுத்தபோதும் அவரிடம் இருந்தது."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்படியானால் நீ எதைத்தான் எடுத்தாய்?"

"என் பெயரைப் போட்டுவிட்டேன்."

"அதைச் சொல்" என்றார். "போய் அவரிடம் பேசு. என்னிடம் ஏன் வந்தாய்?"

எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் கையைக் காட்டினார்கள்.

5

சனிக்கிழமை கூப்பிட்டேன். கௌதமி எடுத்தாள். நான் இன்னார் என்றதும், "அப்பாகிட்ட குடுக்கறேன் சார்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் துக்கம் பொங்கிவிட்டது. உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஒரு கரகரப்பு. மொட்டைமாடியில் மைக் இல்லாமல் மூன்று பிளாக்குக்குக் கேட்ட குரல் அது.

"பாயா? டோல்கேட்டு பாயா? எங்க கீற நைனா?"

"ஜெர்மனில இருக்கேன் அண்ணே."

"அடிங்க! அங்க இன்னா பண்ற?"

"ஹார்பர்ல வேலை."

"இங்கயும் ஹார்பர்தான கீது. அத்த வுட்டு அங்க இஸ்துகினு போய்ட்டியா?" சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் கொட்டினேன். கார்டிலிருந்து எடுத்தது, கேட்காமல் ஏற்றிக் கொடுத்தது, பெயரை அடித்தது, எல்லாம். கடைசியில், "ஹஜ்ஜுக்குப் போறேன் அண்ணே. நீங்க பொறுத்துக்கிட்டாத்தான் எனக்கு அது கூடும்" என்றேன்.

"எட்த்துக்கினதுக்கு ஒன்னும் இல்ல பாய். நீ ஏத்தலன்னா அந்தப் பாட்டு எங்க மொட்டமாடியத் தாண்டி இருக்காது. அத்த நான் எங்கயும் சொல்வேன். ஆனா அந்தக் கல்யாணத்துல பசங்க சிரிச்சானுங்க பாரு... எம் பொண்ணு பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. நான் பொய் சொல்றேன்னு அதும் ஒரு நிமிசம் நெனச்சிருக்கும். அந்த ஒரு நிமிசம்தான் எனக்கு ஆறல."

"நான் என்ன செய்யணும் அண்ணே?"

"இப்ப மன்னிச்சேன்னு சொல்லிட்டா நீ போனக் கட் பண்ணிட்டு ஏரோப்ளேன் ஏறிடுவ. அல்லாருக்கும் வேல ஜாஸ்தி. பேரு வரட்டும். அப்பால பாத்துக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று வேறு கேட்டுவிட்டுத்தான் வைத்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஊர் முழுக்கக் கும்பிடு போட்டு மன்னித்துவிட்டது, இந்த ஒரு மனிதர் நிபந்தனை போடுகிறாரே என்று வந்தது. பத்து நிமிடத்தில் அந்தக் கோபம் போய் வெட்கம் வந்தது.

6

பெயரை மாற்றுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் அடித்ததை இன்னொரு கட்டத்தில் அழிக்க வேண்டும்.

ஆப் கம்பெனிக்கு எழுதினேன். இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினேன். வேறொரு இயந்திரம் பதில் போட்டது. மூன்றாவது கடிதத்தில், அந்தப் பாட்டுகளை நான் பாடவில்லை என்று என் ஜெர்மனில் விளக்கமாக எழுதினேன். அதற்கு வந்த பதிலை நஸ்ரின்தான் படித்துச் சொன்னாள். பாடாதவர் மாற்றம் கோர முடியாது. நஸ்ரின் மொபைல்ஸ் என்ற கலைஞர் மட்டுமே கோர முடியும்.

"அப்போ நான்தான் அந்தக் கலைஞர்னு சொல்லணும்" என்றேன்.

"ஆமா அத்தா. நீங்க முதல்ல கலைஞர் ஆகணும். அப்புறம் இல்லாம ஆகலாம்."

படிவத்தைத் திறந்தோம். அடையாள அட்டை கேட்டது, கொடுத்தேன். அந்தப் பெயருக்கும் எனக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று கேட்டது. கடை திறந்த அன்று எடுத்த போட்டோ இருந்தது. பலகைக்குக் கீழே ரிப்பனோடு நான், என் கையில் மூன்று மாதக் குழந்தையாக நஸ்ரின். அதை ஏற்றிய நஸ்ரின் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு சிறிய கட்டம் மிச்சம் இருந்தது. 'இந்தப் பாடல்களைப் பாடிய கலைஞர் நானே என்று உறுதியளிக்கிறேன்.' இதில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கம், அங்கேதான் பெயரை மாற்றலாம்.

"ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முன்னாடி பொய் உறுதியா?" என்றாள் ரஹிமா.

"மாத்தலைன்னா அவரு மன்னிக்க மாட்டாரு."

"மாத்தினா இவங்களுக்குப் பொய் சொன்ன கணக்கு."

கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு திருட்டைச் சரிசெய்ய அதே திருட்டை எழுத்தில் இன்னொரு முறை செய்யச் சொல்கிறார்கள். சட்டம் தெரிந்தவர்கள் வேறு வழி சொல்லியிருப்பார்களோ என்னவோ. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேறு யாரைக் கேட்பது? மாசிலாமணி அண்ணனுக்கே போன் போட்டேன்.

"இன்னா எழுதிகீது அதுல? படி."

தமிழில் சொன்னேன்.

"பாடுனவன் நான்தான்னு போடணும், அவ்ளோதான? அப்ப பாடு."

"அண்ணே?"

"பாடிட்டுப் போடு. பாடாம போட்டாதான பொய்யி? ஒரு தபா பாடிட்டன்னா நீயும் பாடுனவன்தான். மெய்யாலுமே சொல்றேன், ஆரம்பி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மனுசர் விடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, சமையலறை மேடையில் சாய்த்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். எனக்குப் பாட்டு வராது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லக்கூட யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. லாரித் தண்ணி வந்துதுன்னு செருப்பில்லாம ஓடினேன் என்று நான் ஒரு பக்கம் ஓட, தாளம் இன்னொரு பக்கம் ஓடியது.

"நில்லு நில்லு. எங்க ஓடற? லாரி வந்துக்கினுதான் கீது, போவல." அங்கே எதன் மேலோ, கட்டில் பலகையோ பெட்டியோ தெரியவில்லை, விரலால் தட்டத் தொடங்கினார். "இத்த கேட்டுக்கினே பாடு."

அந்தத் தட்டலில் கொஞ்சமும் பிசிறு இல்லை. குரல் போனவரின் கையில் பாட்டு அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினேன். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"பதினொன்னு கீது இல்ல?" என்றார்.

பதினொன்றையும் பாடினேன். ரஹிமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நஸ்ரின் தரையில் உட்கார்ந்து பாட்டைத் தன் போனில் மெதுவாக ஓடவிட்டு அடுத்தடுத்த வரியை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். பல வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது, ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏழாவது பாட்டில் கீழ்வீட்டு அம்மையார் மணி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது இங்கே ஏறக்குறைய மதம். கதவைத் திறந்த நான் பதற்றத்தில் அந்த எழுபது வயதுப் பெண்மணியிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக எத்தனையோ முறை திருத்தியும் அவசரத்தில் என் ஜெர்மன் டோல்கேட்டுக்கே போய்விடுகிறது. ரஹிமா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் அது நிறையத் தேவைப்பட்டது.

பதினொன்றாவது பாட்டும் முடிந்ததும், "போடு" என்றார் அண்ணன். டிக் போட்டேன். செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ரஹிமாவும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

7

ஒன்பது நாள் கழித்துப் பெயர் மாறியது. முதலில் பார்த்தது நஸ்ரின். "அத்தா, நான் இப்போ ஆர்ட்டிஸ்ட் இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். சாம்பல் வட்டம் அப்படியே இருந்தது. கீழே 'கானா மாசிலாமணி'. நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன், தொட்டதும் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

கிளம்ப இன்னும் ஆறு நாள்தான். உடனே கூப்பிட்டேன். அங்கே மத்தியானம்.

"பாத்தேன் பாய். கௌதமி காட்டிச்சு. பேரு வந்துகீது. அல்லாருக்கும் அனுப்பிக்கினு கீது அது, காலைலேருந்து."

"சந்தோஷமா அண்ணே?"

"சந்தோஷம்தான், இன்னா இப்டி கேக்கற." நிறுத்தினார். "ஆனா ஒரு பேஜாரு. அத்த நான் எப்டி கேக்கறது?"

"புரியல அண்ணே."

"என்துல பட்டன் போன். வூட்ல கார்டு போடற டப்பா ஒன்னு கீது, அதுலதான் பாட்டு கேப்பேன். கௌதமி வேலைக்குப் போய்ட்டா அது போனும் கூடவே போய்டுது. அது வந்தப்பால போடச் சொன்னா, முன்னாடி ஒருத்தி வந்து சோப்பு விக்கிறா. அப்பால என் பாட்டு. அப்பால மறுக்கா அவ. மாசா மாசம் கட்டுனா அவ வரமாட்டாளாம். என் பாட்ட கேக்கறதுக்கு நானே கட்டணுமா பாய்?"

அதற்கு வழியும் அவரே சொன்னார்.

"நீ அந்தக் காலத்துல போட்டுக் குட்த்தியே, கார்டுல. அந்த மாரி எனக்கு அனுப்பேன். கௌதமி ஏத்திக் குடுக்கும்."

என் பழைய ஹார்டு டிஸ்க் சூட்கேஸோடு வந்து இங்கேதான் இருக்கிறது. பதினொன்றும் அதில் உண்டு. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளும் ஞாபகத்தில் இருந்தன. நகல் எடுக்கக் கூடாது, பகிரக் கூடாது. நஸ்ரின் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அத்தா, அதைச் செய்யக்கூடாதுன்னு நீங்க இப்போதான் ஓகே பண்ணினீங்க."

"தெரியும்மா."

அவரைப் போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, பாடியவர் என்ற கட்டத்தில் என் மகளின் பெயரையும் கடையையும் அழித்து, அவர் பெயரை அடித்தேன். பதினொரு தடவை. அனுப்பும் இடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். தட்ட வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்."

"மன்னிப்பா?"

"இல்ல. உங்க பாட்டு பதினொன்னையும் காப்பி எடுத்து அனுப்பட்டுமா?"

"இன்னா கேள்வி பாய் இது? எனக்கு அனுப்ப என்னையே கேக்கற?"

"கேக்கணும் அண்ணே."

அவர் கொஞ்சம் இருமினார். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அனுப்பிக்கோ" என்றார். "அன்னிக்குக் கேட்டிருந்தாலும் இத்ததான் சொல்லிருப்பேன்."